கென்யச் சான்றோரும் ஒடேரா ஒரூக்காவும்

முன்னுரை

எழுத்தில் இடம்பெறாத அறிவுக்கு உரியவர் யார் என்னும் வினா, இலக்கிய ஆய்விலும் மெய்யியல் ஆய்விலும் ஒருங்கே எழுவதாகும். பழமொழிக்கு ஆசிரியர் பெயர் இல்லை. நாட்டார் கதைக்கும் சடங்குக்கும் வழக்காற்றுக்கும் இல்லை. அவையனைத்தும் ஊர் சொன்னவை, முன்னோர் சொன்னவை என்றே வழங்கி வருகின்றன. இவ்வழக்கில் பணிவு உண்டு, இழப்பும் உண்டு. ஊரோடு ஒத்துப் பேசியவரும் ஊரை மறுத்துப் பேசியவரும் ஒரே பெயரின்மைக்குள் மறைந்துபோகின்றனர். மறுத்தவர் ஒருவரும் இருந்ததில்லை என்று பிற்காலத்தார் எண்ணிவிடவும் இடம் ஏற்படுகின்றது.

ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் இருபதாம் நூற்றாண்டில் ஒரு கோட்பாடாகவே நிலைபெற்றது. ஆப்பிரிக்க மக்களுக்கு இனக்குழுவின் பொதுநம்பிக்கை உண்டு, தனிமனிதச் சிந்தனை இல்லை என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டை ஏட்டளவில் மறுத்தவர் பலர். அதனோடு நில்லாமல், ஊர்ப்புறங்களை நாடிச் சென்று, மேலைக் கல்வியின் தாக்கம் மிகுதியும் படியாத முதியோரின் சொற்களைக் கேட்டுப் பதிந்து, அவற்றை அவர்தம் பெயரோடு வெளியிட்டவர் கென்ய நாட்டு மெய்யியலார் ஹென்றி ஒடேரா ஒரூக்கா (1944-1995). அவருடைய பணியின் வரலாற்றையும், அப்பணி சந்தித்த மறுப்புகளையும், அவர் சென்றடைந்த அறக்கொள்கையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இளமையும் கல்வியும்

ஒரூக்கா 1944ஆம் ஆண்டு மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய அன்றைய நியான்சா மாகாணத்தில், லுவோ இனத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் ஒரூக்கா ரங்கின்யா. பின்னாளில் மகன் தொகுத்த நூலில் தந்தையும் ஒரு சிந்தனையாளராக இடம்பெற்றார் என்பது ஈண்டு முன்கூட்டியே குறிக்கத்தக்கது.

1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றபோது ஒரூக்காவுக்கு வயது 19. புதிதாகப் பிறந்த நாட்டின் இளைஞர் பலர் அக்காலத்தில் உதவித்தொகை பெற்று அயல்நாடுகளுக்குச் சென்றனர். ஒரூக்காவும் அறிவியல் பயிலும் நோக்குடன் சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஆயின் அங்கே அவர் மனம் மெய்யியலின்பால் திரும்பியது. அதற்குக் காரணமானவர் பேராசிரியர் இங்கெமார் ஹெடேனியுஸ். 'நம்பிக்கையும் அறிவும்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1949இல் வெளிவந்த நூலின் வழியாகச் சமய நம்பிக்கைகளைக் கடுமையான தருக்கச் சோதனைக்கு உட்படுத்தி, சுவீடனில் பெரும் விவாதத்தை எழுப்பியவர் அவர். எந்தக் கருத்தையும், அது எத்துணைப் பழமையுடையதாயினும், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளலாகாது என்னும் பயிற்சியை ஒரூக்கா அவரிடம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிலுள்ள வேயின் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1970இல் உப்சாலாவில் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

நைரோபியில் அன்று மெய்யியலுக்குத் தனித்துறை இல்லை. மெய்யியலும் சமயவியலும் இணைந்த துறையே இருந்தது. அதனைத் தொடங்கி நடத்தியவர் ஸ்டீபன் நீல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் பேராயர். தமிழகத்துக்கு வந்து தமிழ் கற்று, 1939 முதல் 1945 வரை திருநெல்வேலிப் பேராயராக விளங்கிய அதே நீல்தான் இவர். இறையியலார் மிகுந்திருந்த அத்துறையில், சமயத்தைச் சாராது மெய்யியல் பயின்று வந்த இளைஞரின் நிலை எளிதாக இருந்திருக்க முடியாது. மெய்யியல் சமயவியலின் நிழலிலிருந்து விலகித் தன் காலில் நிற்க வேண்டும் என்பது ஒரூக்காவின் நெடுநாள் முயற்சியாக அமைந்தது. 1980ஆம் ஆண்டில் நைரோபியில் தனி மெய்யியல் துறை உருவாயிற்று. அதன் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார்.

காலச் சூழல்

ஒரூக்கா பணியில் சேர்ந்த காலத்தில் நைரோபி பல்கலைக்கழகம் ஒரு சிந்தனைக் களமாக இருந்தது. 1968ஆம் ஆண்டு அக்டோபரில் கூகி வா தியாங்கோ, தபன் லோ லியோங், ஓவுவோர் அன்யும்பா ஆகிய மூவரும் ஆங்கிலத் துறையை அகற்றி, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவாகக் கொண்ட துறையொன்றை நிறுவ வேண்டும் என்று எழுதினர். வாய்மொழி இலக்கியம் அப்புதிய துறையின் அடித்தளமாதல் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் தலையாயது. உகாண்டாவின் பெருங்கவிஞர் ஒகோட் பிட்டெக்கும் அக்காலத்தில் நைரோபியில் பணியாற்றினார். மேலையறிஞர் ஆப்பிரிக்கச் சமயங்களைத் தம் சமயத்தின் அச்சில் வார்த்துக் காட்டுகின்றனர் என்று அவர் வன்மையாகக் கண்டித்து எழுதினார். வாய்மொழிப் பாடல் இலக்கியமாகுமெனில், வாய்மொழிச் சிந்தனை மெய்யியலாகாதா என்னும் வினா இச்சூழலில் இயல்பாகவே எழுந்தது.

அவ்வினாவுக்கு அன்று இருவகை விடைகள் வழங்கின. முதல்வகை விடை பெல்ஜியப் பாதிரியார் பிளாசிடு டெம்பல்சினுடையது. காங்கோவில் சமயப்பணி புரிந்த அவர் 1945இல் 'பாண்டு மெய்யியல்' என்னும் நூலை வெளியிட்டார். இருப்பு என்பதே உயிராற்றல் என்று பாண்டு மக்கள் கருதுவதாகவும், இக்கருத்தே அவர்தம் வாழ்வு முழுவதையும் இயக்குவதாகவும் அவர் விளக்கினார். ஆப்பிரிக்கர்க்கும் மெய்யியல் உண்டு என்று ஐரோப்பியர் ஒருவர் எழுதியது அந்நாளில் பெரும் செய்தியே. ஆயின் அந்நூலில் பாண்டு மக்கள் அனைவரும் ஒரே கருத்தினர். பெயர் சொல்லி மேற்கோள் காட்டத்தக்க ஒருவரேனும் அங்கே முதன்மை பெறவில்லை. தம் மெய்யியலை விளக்கும் ஆற்றல் அம்மக்களுக்கு இல்லை, பிறரே அதை எடுத்துரைக்க வேண்டும் என்னும் எண்ணமும் அதில் கலந்திருந்தது. கென்யரான ஜான் ம்பிட்டி 1969இல் வெளியிட்ட ஆப்பிரிக்கச் சமயங்களும் மெய்யியலும் பற்றிய நூலும், நோக்கம் வேறாயினும், மக்கள் கூட்டத்தின் பொதுக்கருத்தையே மெய்யியலாகக் கொண்டது.

இரண்டாம்வகை விடையைத் தந்தவருள் தலையாயவர் பெனின் நாட்டுப் பவுலின் ஹூன்டோண்ஜி. பொதுநம்பிக்கைகளைத் திரட்டி மெய்யியல் என்று பெயரிடுவதை அவர் 'இனக்குழு மெய்யியல்' என்று சுட்டி மறுத்தார். மெய்யியல் என்பது தனிமனிதர் பொறுப்பேற்று மொழிவது, பிறர் மறுத்துரைக்க இடம் தருவது. அதற்கு எழுத்து இன்றியமையாதது என்பது 1970களில் அவர் முன்வைத்த கருத்து.

இவ்விரு விடைகளும் ஒன்றற்கொன்று முரணானவை. எனினும் ஓரிடத்தில் அவை உடன்பட்டன. எழுத்தின்றி வாழ்ந்த ஆப்பிரிக்க முதியவர் தாமாக நின்று தனித்துச் சிந்தித்தவர் என்று இரண்டுமே ஏற்கவில்லை. ஒரூக்கா தம் பணியைத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

சான்றோரைத் தேடி

1974ஆம் ஆண்டு வாக்கில் நைரோபி பல்கலைக்கழகத்தில், கென்யாவின் மரபுவழிச் சான்றோரின் சிந்தனைகளைத் திரட்டும் திட்டம் தொடங்கப்பெற்றது. அணுகுமுறை எளிமையானது. ஓர் ஊருக்குச் சென்று, அங்கே அறிவுடையவர் என்று ஊரார் மதிப்பவர் யார் என்று கேட்பர். அம்முதியவரை அணுகி அவர்தம் தாய்மொழியிலேயே உரையாடுவர். கடவுள், இறப்பு, இறப்புக்குப் பின்னர் வாழ்வு, சட்டம், உரிமை, ஆண் பெண் நிலை, செல்வம், சூனியம் ஆகியவை பற்றி வினவுவர். விடையோடு நிறைவடையாமல், ஏன் அவ்வாறு கருதுகின்றீர்கள், உம் இனத்தார் கருத்தும் அதுவேயா, அவர் கருத்தில் பிழை உண்டா என்று மேலும் கேட்பர். உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்பெற்றுப் பின்னர் எழுத்தில் பெயர்க்கப்படும். அதன்பின் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படும்.

இம்முறையில் இறுதி வினாவே இன்றியமையாதது. தம் இனத்தார் கருத்தைத் தெளிவுற எடுத்துரைப்பவர் ஒருவகை. அக்கருத்தினின்று விலகி நின்று அதனைச் சீர்தூக்குபவர் மற்றொருவகை. முன்னவரை ஒரூக்கா மரபுச் சான்றோர் என்றும், பின்னவரை மெய்யியல் சான்றோர் என்றும் பகுத்தார். பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் கிரியோல் 1948இல் வெளியிட்ட நூலின் வழி உலகறிந்த ஒகோதெம்மேலியை அவர் முதல்வகையில் அடக்கினார். டோகன் இனத்தின் படைப்புக் கதைகளை வியத்தகு முறையில் விரித்துரைத்த கண்பார்வையற்ற முதியவர் அவர். அவர்தம் நினைவாற்றலும் சொல்லாற்றலும் பெரியவை. ஆயின் தாம் உரைத்தவற்றை அவர் வினாவுக்கு உட்படுத்தவில்லை என்பது ஒரூக்காவின் முடிவு.

மெய்யியல் சான்றோர்க்கு மற்றொரு தகுதியையும் அவர் வகுத்தார். நுண்ணறிவு மட்டும் ஒருவரைச் சான்றோர் ஆக்காது. அவ்வறிவைத் தம் மக்களின் அறவாழ்வு உயரப் பயன்படுத்தும் உள்ளமும் வேண்டும். தந்திரம் மிக்கவரும் வாதத்தில் வல்லவரும் அறிவாளர் ஆகலாம், சான்றோர் ஆகார். அறிவையும் அறத்தையும் இவ்வாறு பிரிக்கவொண்ணாதபடி இணைத்தமை ஒரூக்காவின் சிந்தனை முழுமைக்கும் அடிப்படை எனலாம்.

1978இல் அவர் எழுதிய கட்டுரையொன்று ஆப்பிரிக்க மெய்யியலில் நான்கு போக்குகளை வகுத்துக் காட்டியது. இனக்குழு மெய்யியல், சான்றோர் மெய்யியல், விடுதலைத் தலைவர்களின் அரசியல் மெய்யியல், பல்கலைக்கழகம் சார்ந்த தொழில்முறை மெய்யியல் என்பன அவை. கவிஞரும் புனைகதையாளரும் தம் படைப்புகளில் எழுப்பும் சிந்தனையைப் பின்னாளில் அவர் தனிப்போக்காகச் சேர்த்துக்கொண்டார். இப்பகுப்பு இன்றளவும் ஆப்பிரிக்க மெய்யியலைக் கற்பிப்போர் பலர் தொடங்கும் இடமாக உள்ளது.

சான்றோர் மூவர்

திட்டத்தின் பயன் 1990இல் 'சான்றோர் மெய்யியல்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக லெய்டனில் வெளிவந்தது. அதில் இடம்பெற்றோருள் மூவர் கூறியவற்றைச் சுருக்கமாகக் காணலாம்.

லுவோ இனத்தவரான பால் ம்புயா அக்கோக்கோவிடம் ஆப்பிரிக்கரின் கூட்டு வாழ்வு பற்றி வினவப்பட்டது. விடுதலைக்குப் பின் ஆப்பிரிக்கத் தலைவர் பலர், எம் முன்னோர் பொதுவுடைமையாளர், அனைத்தையும் பகிர்ந்து வாழ்ந்தனர் என்று மேடைகளில் முழங்கிய காலம் அது. அம்முழக்கத்தை ம்புயா ஏற்கவில்லை. லுவோ மக்கள் தம் உடைமையைத் தாராளமாகப் பங்கிட்டு அளித்தவர் அல்லர் என்று அவர் தெளிவுபடுத்தினார். மாடு பெற்றவர் மாடு இல்லாதவரிடம் அவற்றை வளர்ப்புக்கு விடுவார். வளர்ப்பவர் அவற்றின் பயனைத் துய்ப்பார். உரிமையோ உடையவரிடமே நிற்கும். அவ்வகையில் ஒருவரிடம் மாடு இருந்தால் எல்லாரிடமும் மாடு இருந்ததாக ஆயிற்று. அது கொடையன்று, ஒத்துழைப்பு என்பது அவர் கருத்து. கடவுளைப் பற்றியும் அவர் தம் இனத்துக்கென ஒரு கடவுளை வேண்டவில்லை. மக்கள் அனைவர்க்கும் கடவுள் ஒருவரே, வெள்ளையர் கடவுள் வேறு, லுவோ கடவுள் வேறு என்று பகுப்பது தவறு என்று உரைத்தார்.

மேரு இனத்தவரான ஸ்டீபன் ம்முக்கிந்தியா கித்தாஞ்சே கடவுளை வெம்மையும் தண்மையுமாகக் கண்டார். இவ்விரண்டும் கலக்குமிடத்தில் உயிர் தோன்றுகின்றது. அக்கலப்பையே தாம் கடவுள் எனக் கருதுவதாக அவர் கூறினார். தம் கண்முன் நிகழும் பிறப்பையும் வளர்ச்சியையும் நோக்கித் தாமே தேடிக்கண்ட விளக்கமாக அதனை அவர் முன்வைத்தார்.

மூன்றாமவர் ஒரூக்காவின் தந்தை ரங்கின்யா. கடவுளை ஓர் ஆளாக உருவகித்தல் பெரும்பிழை என்பது அவர் துணிபு. கடவுள் என்பது ஒரு கருத்து. நன்மை என்பதன் கருத்துருவம். மனிதரை நல்வழிப்படுத்துவதற்குப் பயன்படுவதே அதன் சிறப்பு என்று அவர் மொழிந்தார். உப்சாலாவில் ஹெடேனியுசிடம் பகுத்தறிவு பயின்ற மகனுக்கு இத்தகைய விடை ஊரிலேயே, தந்தையின் வாயிலாகவே கிடைத்தது. ரங்கின்யா 1979இல் மறைந்தார். நூல் வெளிவந்தபோது அவர் இல்லை. அவர் சொல் அவர் பெயரோடு இருந்தது.

இம்மூவரும் தம்முள் ஒத்த கருத்தினர் அல்லர். ஒருவர்க்குக் கடவுள் எல்லார்க்கும் பொதுவான ஒருவர். மற்றொருவர்க்கு உயிர் தோன்றும் கலப்பு. பிறிதொருவர்க்கு நன்மை என்னும் கருத்து. ம்புயாவும் ரங்கின்யாவும் ஒரே இனத்தவராயினும் வேறுபட்டே பேசினர். ஆப்பிரிக்கர் அனைவரும் ஒரே குரலில் சிந்தித்தனர் என்னும் கோட்பாட்டுக்கு இவ்வேறுபாடே தக்க மறுப்பாக அமைந்தது.

மறுப்பும் விடையும்

இத்திட்டத்துக்குக் கடுமையான மறுப்பு எழுந்தது. நைஜீரியப் பேராசிரியர் பீட்டர் போடுன்ரின் 1981இல் எழுதிய கட்டுரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. மெய்யியல் உரையாடலில் ஈடுபடும் திறமுடையோர் ஆப்பிரிக்க ஊர்ப்புறங்களில் உள்ளனர் என்று காட்டுவது வேறு. முறையாக மெய்யியல் சிந்தனையில் ஈடுபட்டோர் அங்கே இருந்தனர் என்று நிறுவுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வினா எழுப்புபவர் பல்கலைக்கழகத்தில் பயின்ற மெய்யியலார். அவர் வினாவே முதியவரைச் சிந்திக்கத் தூண்டுகின்றது. விடையின் வடிவத்தையும் ஓரளவு தீர்மானிக்கின்றது. ஆகவே விளைவது இருவர்தம் கூட்டுப்படைப்பு. அதனைத் தொன்மையான ஆப்பிரிக்க மெய்யியல் என்று கொள்ளுதல் எங்ஙனம் என்பது மறுப்பின் சாரம்.

ஒரூக்கா இதற்கு அளித்த விடை இருகூறுடையது. முதலாவது, மெய்யியலார் எவரும் தனித்த வெற்றிடத்தில் சிந்திப்பதில்லை. முன்னோர் கருத்தும் உடனிருப்போர் வினாவும் தூண்டவே சிந்திக்கின்றனர். வினாவினால் தூண்டப்பட்டமை சிந்தனையின் உரிமையைப் பறிக்காது. கிரேக்கச் சாக்ரடீஸ் எதனையும் எழுதிவைக்கவில்லை. அவரை மெய்யியலார் அல்லர் என்று எவரும் கூறுவதில்லை. இரண்டாவது, வினவுபவர் மருத்துவச்சியின் பணியைச் செய்கின்றார். குழந்தை தாயினுடையது, அது வெளிவரத் துணை நிற்பதே மருத்துவச்சியின் பங்கு. இவ்வுவமையும் சாக்ரடீசின் வழி வந்ததே.

விடை பொருத்தமானதாயினும் முழுமையானது எனல் இயலாது. மருத்துவச்சி குழந்தையை வேற்று மொழிக்குப் பெயர்ப்பதில்லை. லுவோ மொழியிலோ மேரு மொழியிலோ உரைக்கப்பட்டது ஆங்கில நூலில் அச்சேறும்போது, கருத்து என்றும் பயன் என்றும் நிற்கும் சொற்கள் மூலத்தில் எச்சொற்களாக இருந்தன என்பதை நூலைப் பயில்வோர் அறிய வழியில்லை. மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் அனைவரும் இவ்விடர்ப்பாட்டை அறிவர். நூலில் பெண்பாற் சான்றோர் மிக அரியராகவே இடம்பெற்றமையும் குறையாகச் சுட்டப்பெற்றது. ஊரார் யாரைச் சான்றோர் என்று காட்டுகின்றனரோ அவரையே அணுகும் முறையில், ஊரார் மதிக்க மறந்தோர் விடுபடுதல் இயல்பு. இவை பணியை வீழ்த்தும் குறைகள் அல்ல. எனினும் பெயரிட்டுப் போற்றும் முயற்சியிலும் பெயர் பெறாதோர் எஞ்சுவர் என்பதை அவை உணர்த்துகின்றன. ஒரூக்காவும் தம் கொள்கை பற்றிய பிறர் விமரிசனங்களைத் தம் நூலிலேயே இடம்பெறச் செய்தார் என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்று.

நீதிமன்றத்தில் மெய்யியலார்

நூல் வெளிவருமுன்னரே ஒரூக்காவின் கொள்கைக்கு நூலறைக்கு வெளியே ஒரு சோதனை வந்தது. நைரோபியில் புகழ்பெற்ற வழக்குரைஞர் எஸ்.எம். ஒட்டியேனோ 1986ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார். அவர் லுவோ இனத்தவர். அவர் மனைவி வாம்புயி கிகூயு இனத்தவர்; நாட்டின் விடுதலைப் போரில் பங்குகொண்டவர். கணவரின் உடலை நைரோபியை அடுத்துள்ள தம் நிலத்தில் அடக்கம் செய்ய வாம்புயி விரும்பினார். ஒட்டியேனோவின் உமிரா காகெர் குலத்தாரோ, சியாயா மாவட்டத்து நியால்குங்கா என்னும் மூதாதையர் ஊரிலேயே அவரை அடக்கம் செய்தல் வேண்டும் என்று வாதிட்டனர். ஒருவர் உடல் மாதக்கணக்கில் சவக்கிடங்கில் கிடக்க, நாடு முழுவதும் இவ்வழக்கைப் பற்றியே பேசியது.

வழக்கின் நடுவே நின்றது ஒரு சொல்வேறுபாடு. நகரத்தில் ஒருவர் வாழும் இடம் வெறும் வீடே. மூதாதையர் மண்ணில் உரிய சடங்குகளோடு அமைக்கப்படுவதே இல்லம். லுவோ ஆண்மகன் அவ்வில்லத்து மண்ணிலேயே அடக்கம் பெறுதல் வேண்டும் என்பது குலத்தாரின் வாதம். தம் கணவர் கற்றவர், நகர வாழ்வினர், சட்டப்படி மணம் புரிந்தவர், குல வழக்கத்தைக் கடந்தவர் என்பது மனைவியின் வாதம். லுவோ வழக்காறு பற்றிச் சான்றுரைக்கக் குலத்தார் தரப்பில் பலர் வந்தனர். அவர்களுள் சவக்குழி தோண்டும் முதியவர் ஒருவரும் இருந்தார்; நைரோபி பல்கலைக்கழக மெய்யியல் துறைத் தலைவர் ஒடேரா ஒரூக்காவும் இருந்தார். 1987 பிப்ரவரி 13இல் உயர்நீதிமன்றம் குலத்தார்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் மே மாதத்தில் அதனை உறுதிசெய்தது. அம்மாதம் 23ஆம் நாள் ஒட்டியேனோவின் உடல் நியால்குங்காவில் அடக்கம் செய்யப்பெற்றது. வாம்புயி அதில் கலந்துகொள்ளவில்லை.

குலத்தின் பொதுக்கருத்தினின்று விலகி நிற்பவரே மெய்யியல் சான்றோர் என்று எழுதியவர், விலகி வாழ்ந்ததாக மனைவி கூறிய ஒருவரின் வழக்கில் குலத்தின் பக்கம் நின்று சான்றுரைத்தமை வியப்புக்கு இடமளித்தது. இதனை முரண்பாடு என்று கொள்வோர் உளர். ஒரூக்காவின் சார்பில் கூறத்தக்கதும் உண்டு. வழக்காறு இன்னது என்று நீதிமன்றத்துக்கு விளக்குவது வேறு. அவ்வழக்காறு சரியானது என்று மெய்ப்பிப்பது வேறு. முன்னது மரபுச் சான்றோரின் பணி. பின்னது மெய்யியல் சான்றோரின் பணி. அவர் வகுத்த பகுப்பின்படி நீதிமன்றம் அவரிடம் முன்னதையே வேண்டியது. ஆயின் வாழ்வில் இவ்விரண்டும் அத்துணை எளிதில் பிரிவதில்லை. விளக்கமாக உரைக்கப்பட்டது தீர்ப்பாக மாறி, ஒரு பெண்ணின் விருப்பத்தை மறுத்தது. மரபை எடுத்துரைப்பவர் அம்மரபால் பாதிக்கப்படுவோர்க்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவர் என்பதை இவ்வழக்குப் போல் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி ஒரூக்காவின் வாழ்வில் பிறிதொன்றில்லை. தம் சான்றுரையை அவர் மறைக்கவில்லை. சான்றோர் மெய்யியல் நூலிலேயே அதற்கு இடமளித்தார்.

அறக்கொள்கை

ஒரூக்காவின் சிந்தனை சான்றோர் தொகுப்போடு முடிவடையவில்லை. 1976இல் வெளிவந்த நூலில் அவர் தண்டனை முறையை ஆராய்ந்தார். குற்றத்தை விளைவிக்கும் சமுதாய நிலைமைகளை அப்படியே விடுத்துக் குற்றம் புரிந்தவரை மட்டும் ஒறுத்தல் பயனற்றது என்பது அந்நூலின் வாதம்.

1989இல் அயல்நாட்டு உதவி பற்றி எழுதிய கட்டுரையில் 'மனித வாழ்வின் குறைந்தபட்ச உரிமை' என்னும் கருத்தை அவர் நிறுவினார். உடற்பாதுகாப்பு, உடல்நலம், உயிர்வாழப் போதிய உணவு ஆகிய மூன்றும் இல்லாதவரிடம் அறத்தை எதிர்பார்க்க இயலாது. அவர் தம்மைப் பகுத்தறிவோடு நடத்திக்கொள்ளும் ஆற்றலையே இழந்துவிடுகின்றார். ஆகவே இம்மூன்றும் ஒவ்வொருவர்க்கும் உரிமை. செல்வ நாடுகள் அளிக்கும் உதவி இரக்கமன்று, கடமை. நாட்டு எல்லை இவ்வுரிமையைத் தடுக்க இயலாது என்றார். வாழ்வின் பொருளைப் பற்றிய உயர்ந்த வினாக்கள் அனைத்துக்கும் முன்னதாக இம்மூன்றையும் அவர் வைத்தமை கருதத்தக்கது.

1974இல் அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் உலகத்தை உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டிருந்தார். செல்வ நாடுகள் படகில் உள்ளன; ஏழை நாடுகள் நீரில் தத்தளிக்கின்றன; அனைவரையும் ஏற்றினால் படகு மூழ்கும் என்பது அவர் உவமை. 1993இல் ஒரூக்கா அதற்கு மாறாக வேறொரு உவமையை முன்வைத்தார். ஒரு குடும்பத்தில் மக்கள் அறுவர். இருவர் செல்வர், அவருள்ளும் ஒருவர் பெருஞ்செல்வர். நால்வர் ஏழையர், அவருள் மூவர் மிகவும் வறியர். உழைப்பாலும் நற்பேற்றாலும் ஒருவர் உயர்ந்திருக்கலாம். அது அவர்தம் உரிமை. ஆயின் அறுவரையும் வளர்த்தவர் ஒரே பெற்றோர். ஒருவர் பட்டினி கிடப்பின் குடும்பம் முழுமைக்கும் இழிவு. ஒருவர் வீழின் ஏனையோர் நலமும் நிலைக்காது. ஆதலின் பெற்றோர்க்குப் பட்ட கடன் தனியொருவர் உரிமையினும் முந்தியது. உலகமும் அத்தகைய குடும்பமே. அனைவர்க்கும் பெற்றோர் இப்பூமி. இதனைப் 'பூமித்தாய் அறம்' எனத் தமிழில் கூறலாம். ம்புயா விளக்கிய லுவோ மாட்டு வளர்ப்பின் நெறியை இக்கொள்கையோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். உரிமை உடையவரிடமே நிற்கும்; ஆயின் பயன் அவரோடு நிற்றலாகாது.

இயற்கையும் மனித வாழ்வும் பற்றிய இச்சிந்தனைக்கு முன்னோடியாக, 1991 ஜூலையில் உலக மெய்யியல் மாநாடு ஒன்றை நைரோபியில் அவர் முன்னின்று நடத்தினார். மெய்யியல், மனிதன், சுற்றுச்சூழல் என்பது மாநாட்டின் பொருள். 1992இல் கென்யாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவருமான ஒகிங்கா ஒடிங்காவோடு உரையாடி அவர்தம் மெய்யியலையும் நம்பிக்கைகளையும் நூலாக்கினார். அரசியல் தலைவரையும் ஊர் முதியவரையும் ஒரே முறையில் வினவியமை அவர்தம் அணுகுமுறையின் சமநோக்கைக் காட்டும்.

நிறைவுரை

1995ஆம் ஆண்டு டிசம்பரில் நைரோபியில் நிகழ்ந்த சாலை விபத்தில் ஒரூக்கா உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 51. அவர் கட்டுரைகள் 1997இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்றன் தலைப்பு, அறத்தின் குறைந்தபட்ச எல்லையைத் தேடும் நடைமுறை மெய்யியல் என்னும் பொருளுடையது. அவர் தொடங்கிய உரையாடலைப் பின்வந்தோர் வேறு இனங்களுக்கும், முன்னர் விடுபட்ட பெண்பாலார்க்கும் விரித்துச் சென்றனர்.

ஒரூக்காவின் பணி மூன்று உண்மைகளை நிலைநாட்டியது. எழுத்தில்லாத இடத்திலும் வினா உண்டு என்பது ஒன்று. மரபு என்பது ஒரே குரலன்று, தம்முள் முரணும் பல குரல்களின் தொகுதி என்பது மற்றொன்று. அக்குரல்களை உரியவர் பெயரோடு வழங்குதல் ஆய்வாளரின் கடமை என்பது மூன்றாவது. ஒட்டியேனோ வழக்கு நான்காவது உண்மையையும் உணர்த்தியது. மரபைப் பதிவுசெய்பவர் கைகழுவி விலகி நிற்க இயலாது, அவர் சொல் ஒருவர் வாழ்வைத் தொடும், சிலபோது சுடும்.

வாய்மொழியைத் தொகுப்போரும் பழமொழியைப் பயில்வோரும் ஊர்ப் பாடலைப் பதிப்போரும் ஒரூக்காவிடமிருந்து கொள்ளத்தக்கது ஒரு வினா. முதியவர் ஒருவர் பழமொழியைச் சொல்லி முடித்தபின், 'ஊர் இவ்வாறு கூறுகின்றது, நீங்கள் என்ன கூறுகின்றீர்கள்?' என்று கேட்டல் வேண்டும். ரங்கின்யாவும் ம்புயாவும் கித்தாஞ்சேயும் அதனைக் கேட்க ஒருவர் வந்ததனால் பெயரோடு வாழ்கின்றனர். கேட்பதற்கு ஒருவரும் வாராமையால் பெயரின்றி மறைந்தோர் எண்ணிறந்தோர்.